ஹக்கோனேக்குப் போன பதினொரு வருத்தம்

இனி இந்தச் சீவியத்திலை விமானம் ஏறுறேல்லை எண்டு நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலமை பத்தேகால். பென்ஷன் எடுத்து மூண்டாம் மாசம். சும்மா எடுத்த முடிவில்லை. மங்கரே விமான நிலையத்துச் சரக்குப் பகுதியிலை முப்பத்தொரு வருசம் வேலை செய்தனான். ஊர் உலகத்தின்ர பெட்டியெல்லாம் ஏத்தி அனுப்பினனான். பெட்டிக்கு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியும். சீற்றிலை இருக்கிறவனுக்கும் அதுதான் நடக்குது. அவனுக்கு ஒரு சின்னத் தண்ணிப் போத்தல் குடுக்கினம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்து இருவதுக்கு, அண்டைக்கு லீவிலை நிண்ட என்ர மனுசி குணவதி வீல்செயாரை உருட்டிக்கொண்டு குசினிக்குள்ளை வந்தா.

"இஞ்சேருங்கோ, நாங்கள் ஜப்பானுக்குப் போவம்."

என்ர முடிவுக்கு அப்ப வயசு அஞ்சு நிமிசம்.

"எங்கை?"

"ஜப்பானப்பா. டோக்கியோவிலையிருந்து போற தூரத்திலை ஹக்கோனே எண்டு ஒரு இடம். மலை, ஏரி, வெந்நீர் ஊற்று. வீல்செயார்க்காரருக்கெண்டே தனி வான். காலமை கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுவினமாம். வானுக்கு லிஃப்ட் இருக்கு. நாங்கள் மட்டும்தான், வேற சனம் இல்லை."

"சுடுதண்ணிதானே? அது இஞ்சை ரானுயியிலை எங்கட வீட்டுப் பைப்பிலையும் வருது."

குணவதி போனை மடியிலை வைச்சா.

"நாலு வருசமப்பா. முள்ளந்தண்டு ஒப்பரேஷனுக்குப் பிறகு நாலு வருசமா ஷவருக்குக் கீழை பிளாஸ்ரிக் கதிரையிலை இருந்து குளிக்கிறன். முதுகிலை தண்ணி பட்டால் முழங்கால் குளிருது. முழங்காலிலை பட்டால் முதுகு குளிருது. ஒருக்கால், ஒரே ஒருக்கால், கழுத்தளவு சுடுதண்ணியிலை கிடக்கவேணும். மலையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை."

கேக்கப் பாவமாத்தான் கிடந்தது. அதுக்காக விமானம் ஏறேலுமோ?

"ஓம், பார்ப்பம்" எண்டன்.

இதிலை எங்கட ஆக்களின்ர ஒரு வழக்கத்தைச் சொல்லவேணும். நாங்கள் ஒரு அழைப்புக்கு 'வரமாட்டன்' எண்டு வாயாலை சொல்லுறேல்லை. அது மரியாதைக் குறைவு. உடம்புக்கு வருத்தம் எண்டுதான் சொல்லுறது. மனுகாவிலை ஆற்றையேன் பிள்ளைக்குச் சாமத்தியவீடு எண்டால் எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு அசையாது. பிறந்தநாள் எண்டால் பிரஷர். அரங்கேற்றம் நாலு மணித்தியாலம், அதுக்குப் பிரஷரும் சுகரும் சோடியா வரும். கேக்கிறவைக்கும் பொய் எண்டு தெரியும். "ஐயோ, உடம்பைப் பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, நாங்கள் கூப்பிடேக்கை அவையும் அதே வருத்தத்தைச் சொல்லுவினம். ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆனால் குணவதியிட்டை இந்த வித்தை பலிக்காது. அவ மனுகாவிலை ஒரு காப்புறுதிக் கம்பனியிலை உத்தியோகம். ஆக்கள் எழுதி அனுப்புற வருத்தக் கடிதங்களை வாசிச்சு, எது மெய், எது பொய் எண்டு பிரிக்கிறதுதான் வேலை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை ஒரு தலையிடியைக்கூட என்னாலை அவவிட்டைப் பாஸ் பண்ண முடியேல்லை.

அப்ப என்ன செய்யலாம்? மாட்டம் எண்டு நான் சொல்லப்படாது. ஜப்பான்காரர் சொல்லவேணும்.

"இஞ்சரும், அவையோடை நான் எழுதிக் கதைக்கிறன். நீர் வேலைக்குப் போற ஆள். எனக்கு நேரம் கிடக்கு."

"உங்கட ஈமெயில்தான் வேலையோடை போயிட்டுதே?"

"உம்மடையிலை இருந்து எழுதுறன்."

"தாராளமா எழுதுங்கோ" எண்டு சிரிச்சா குணவதி. அந்தச் சிரிப்பை நான் அப்ப கவனிச்சிருக்கவேணும்.

முதல் கடிதத்திலை முப்பத்தெட்டுக் கேள்வி கேட்டன். கழிவறைக் கதவு எத்தினை சென்ரிமீற்றர்? ஏற்றம் எத்தினை பாகை? குளிக்கிற தொட்டிக்குள்ளை ஆளை எப்பிடி இறக்குவியள், ஆர் பிடிப்பினம், பிடிக்கிற ஆளுக்குத் தும்மல் வந்தால் என்ன செய்வியள்? செவ்வாய், வெள்ளி மச்சமாமிசம் இல்லை, சூப்பிலை மீன் தூள் மணம்கூட வரப்படாது. மழை பெய்தால்? மலை முகிலுக்குள்ளை மறைஞ்சால்? இதுக்கு மறுமொழி வராது எண்டு நிம்மதியா ஒரு பிளேன்ரீ குடிச்சன்.

அடுத்தநாள் அந்த வான் கம்பனியிலை மொரிஷிட்டா எண்ட அம்மாவிட்டையிருந்து மறுமொழி வந்தது. முப்பத்தெட்டுக்கும்! அந்த மனுசி தானே ஒரு வீல்செயாரிலை ஏறி ஹக்கோனே முழுக்கச் சுத்தியிருக்கிறா. கழிவறைக் கதவுக்கு முன்னாலை அளவுநாடாவைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிற படம். தொட்டிக்குள்ளை இறக்குற லிஃப்டிலை தானே இருந்து சிரிக்கிற படம். தும்மலுக்கு ரெண்டாவது ஆள் நிப்பார். மீன் தூள் இல்லாத சூப்பைச் சமையல்காரர் மூண்டுதரம் வைச்சுப் பழகிட்டார். மழைக்குக் குடை பிடிக்க ஆள் வரும். "மலை மறைந்தால் மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக இப்போதே மன்னிப்புக் கேட்கிறோம்." எனக்கு அழுகை வராத குறை.

பின்வளவுக்கு வந்து நிண்டன். வேலிக்கு அங்காலை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றோஸ்மேரி எட்டிப் பார்த்தா. பக்கத்து வீடு. மன்னார் ஆள். குணவதியின்ர உற்ற சிநேகிதி.

"என்ன கதிரண்ணை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை பிள்ளை. கொஞ்சம் பிரஷர்."

"குணவதியக்கா பயணப் பெட்டி இறக்கச் சொன்னவவாம், நீங்கள் இன்னும் இறக்கேல்லையாம்?"

"நாரி பிடிச்சுக் கிடக்கு."

"பிரஷர் எண்டியள்?"

"அது மேலை. இது கீழை."

சொல்லி வாய் மூடேல்லை, எனக்குப் பொறி தட்டிச்சு. வீல்செயாராலை தடுக்க ஏலாட்டி என்ன, நான் இருக்கிறன்தானே! கூட வாற புருசனுக்கு வருத்தமெண்டால் எந்தக் கம்பனி பொறுப்பெடுக்கும்? ஓடிப்போய் இருந்து ரெண்டாவது கடிதத்தை எழுதினன்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு அருமையான கடிதம். முப்பத்தொரு வருசத்து அழைப்புகளுக்குச் சொன்ன வருத்தமெல்லாத்தையும் ஒரே இடத்திலை கொட்டினன். நாரி. பிரஷர். சுகர். உயரத்திலை நிண்டால் தலைசுத்து, கப்பலிலை ஏறினால் சத்தி எடுப்பன். கந்தக மணம் மூக்குக்கு ஒத்துவராது. சுடுதண்ணி பட்டால் தோல் தடிக்கும். கஞ்சியைத் தவிர வேறொண்டும் செமிக்காது. கனநேரம் நிக்க ஏலாது. தனியா விட ஏலாது. பத்தோடை நிப்பாட்டினால் கணக்குப் பார்த்து எழுதினமாதிரிக் கிடக்குமெண்டு பதினோராவதா ஞாபகமறதியையும் போட்டன்.

மறுமொழி ரெண்டே வரி. "மிகவும் கவலை அடைகிறோம். ஆலோசிக்கிறோம்."

ஜப்பான்காரர் முடியாது எண்டு சொல்லமாட்டினம், ஆலோசிக்கிறம் எண்டுதான் சொல்லுவினம் எண்டு எங்கையோ வாசிச்சிருந்தன். எங்கட ஆக்களைப்போல நல்ல சனம். அண்டைக்குக் குணவதிக்கு நானே தோசை சுட்டுக் குடுத்தன்.

அதோடை நிண்டிருக்கலாம். அஞ்சு நாளா ரானுயியிலை விடாமல் மழை. வேலையில்லை. சும்மா இருக்க மனமில்லாமல் அந்தப் படங்களைத் திருப்பிப் பார்த்தன். அதிலை ஒண்டு, என்ர வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் மரத்தொட்டியிலை கழுத்தளவு தண்ணிக்குள்ளை கிடக்கிறார். ஆவி பறக்குது. தலையிலை ஒரு சின்னத் துவாயை மடிச்சு வைச்சிருக்கிறார். அந்த முகத்திலை மோர்ட்கேஜ் இல்லை, அரங்கேற்றம் இல்லை, ஒண்டுமில்லை. நான் அந்தப் படத்தை ஒருக்கால் பார்த்தன். பிறகு பெரிசாக்கிப் பார்த்தன். பிறகு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து ஆறுதலாப் பார்த்தன்.

"இஞ்சரும், அங்கை ஊற்றுத் தண்ணியிலை அவிக்கிற முட்டை கறுப்பாம். ஒண்டு திண்டால் ஏழு வருசம் ஆயுள் கூடுமெண்டு சொல்லுவினமாம்."

"ரெண்டு பேரும் திண்டால்?"

"ரெண்டு பேருக்கும் ஏழு."

"அப்ப என்ன பிரயோசனம்? நான் மட்டும் தின்னுறன்."

எனக்குக் கோவமே வரேல்லை. எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது! போகவேணும். அந்தத் தொட்டியிலை கிடக்கவேணும். அண்டு பின்னேரமே மூண்டாவது கடிதம் எழுதினன். "அம்மா, நான் நல்ல சுகமான ஆள். முந்தி எழுதின பதினொண்டும் எனக்கு இல்லை. என்னையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ."

மறுமொழி வந்தது. "நன்றாகப் புரிந்துகொண்டோம். தங்களுக்கு வேண்டிய எல்லா ஏற்பாடும் ஆயத்தம். மனதை ஆறுதலாக வைத்திருங்கள்."

துள்ளினன். ஹென்டர்சன் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பு நிறத்திலை ஒரு குளிக்கிற காற்சட்டை வாங்கினன். பெட்டியை இறக்கினன், நாரி ஒண்டும் செய்யேல்லை. வீட்டிலை தலையிலை துவாயை வைச்சு, விழாமல் நடந்து பழகினன். குணவதி கண்டிட்டா.

"என்னப்பா தலையிலை?"

"தலையிடி."

"பாவம். றோஸ்மேரியும் எங்களோடை வாறா."

"அவ எதுக்கு?"

"எனக்குத் துணைக்கு."

"நான் இருக்கிறன்தானே?"

"நீங்களும் வாங்கோவன்" எண்டா. எனக்கிருந்த சந்தோசப் புளுகத்திலை ஊரையே கூட்டிக்கொண்டு வந்தாலும் ஓமெண்டிருப்பன்.

டோக்கியோவரைக்கும் பதினொரு மணித்தியாலம் பெட்டியாப் போனன். அதைப்பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ.

அடுத்தநாள் விடிய ஹோட்டல் வாசலிலை அந்த வான் நிண்டது. மொரிஷிட்டா அம்மா இடுப்பு ஒடியக் குனிஞ்சு கும்பிட்டா. வான் கதவு திறந்தது, லிஃப்ட் சத்தமில்லாமல் இறங்கிச்சு, குணவதி வீல்செயாரோடை ராசாத்தி மாதிரி மேலை போனா. லிஃப்ட் திரும்பக் கீழை வந்தது. அதிலை இன்னொரு வீல்செயார் இருந்தது.

"இது ஆருக்கு?" எண்டு கேட்டன்.

மொரிஷிட்டா அம்மா ரெண்டு கையாலையும் என்னைக் காட்டினா.

"இல்லையம்மா! நான் நடப்பன். பாருங்கோ!" ரெண்டுதரம் துள்ளிக் காட்டினன். அவ முகம் இருண்டு போச்சு. ஓடிவந்து என்னைப் பிடிச்சு இருத்தி, பெல்ற்றைப் போட்டு, மடியிலை ஒரு கம்பளியை விரிச்சா.

"நான் சுகமான ஆள். கடிதம் எழுதினனானே!"

"கிடைத்தது ஐயா. பதினோராவது வருத்தமான ஞாபகமறதிதான் அதை எழுத வைத்தது என்று விளங்கிக்கொண்டோம்."

நான் குணவதியைப் பார்த்தன்.

"நீராவது சொல்லுமப்பா!"

குணவதி மொரிஷிட்டாவிட்டை இங்கிலீசிலை சொன்னா, "இப்பிடித்தான் சொல்லுவார். நீங்கள் கணக்கெடுக்காதேங்கோ." பிறகு என்ர பக்கம் திரும்பித் தமிழிலை, "என்ர ஈமெயிலிலை இருந்து எழுதிப்போட்டு நான் வாசிக்கமாட்டன் எண்டு நினைச்சியளோ? நான் ஒரு நாளைக்கு நாப்பது வருத்தக் கடிதம் வாசிக்கிறவள். இந்த வருசம் வந்ததிலை உங்கடைதான் திறம்" எண்டா.

றோஸ்மேரி பின்சீற்றிலை இருந்து மூச்சு விடேலாமல் சிரிச்சா.

அந்தச் சனம் ஒண்டையும் மறக்கேல்லை. உயரத்திலை போற கேபிள் பெட்டிக்குள்ளை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டினம். ஃபூஜி மலை முகிலில்லாமல் பளிச்செண்டு தெரிஞ்சதாம், றோஸ்மேரி சொல்லித்தான் தெரியும். கந்தகம் மணக்கிற இடத்திலை மூக்குக்கு ரெண்டு மாஸ்க். அவை ரெண்டு பேரும் கறுப்பு முட்டையை உரிச்சு உரிச்சுத் திண்டினம். எனக்குக் கஞ்சி. ஏரிக் கப்பலிலை என்ர மடியிலை ஒரு வாளி. கடைசியா அந்த ஊற்று. மூங்கில் மறைப்புக்கு அங்காலை மரத்தொட்டி, மறைப்புக்கு இஞ்சாலை நான். கால் வைக்க ஒரு பேசின், அதுக்குள்ளை பச்சைத்தண்ணி. சிவப்புக் காற்சட்டை கம்பளிக்குக் கீழை சும்மா கிடந்தது. தனியா விட ஏலாத ஆள் எண்டபடியால் மொரிஷிட்டா அம்மா பக்கத்திலை குந்தியிருந்தா.

மறைப்புக்கு அங்காலை லிஃப்ட் இறங்கிற சத்தம் கேட்டுது. தண்ணி தளும்பிச்சு. குணவதி 'ஸ்ஸ்' எண்டு மூச்சை இழுத்தா.

"அக்கா? என்னக்கா? சுடுதோ?" றோஸ்மேரியின்ர குரல் பதறிச்சு.

"இல்லையடி. கழுத்தளவுக்கு வந்திட்டுது" எண்டா குணவதி. சொல்லிப்போட்டுச் சிரிச்சா. வாய்விட்டு, விக்கி விக்கி, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சா. நாலு வருசமா அந்தச் சிரிப்பு எங்கட வீட்டிலை கேக்கேல்லை. இதைத் தடுக்கத்தானே நான் ரெண்டு கடிதம் எழுதினனான் எண்டு நினைக்க எனக்கு வெக்கமாயும் கிடந்தது, சந்தோசமாயும் கிடந்தது. கண் நிறைஞ்சு கன்னத்தாலை வழிஞ்சுது. துடைக்கிறதுக்குக் கையைக் கம்பளிக்குள்ளாலை எடுக்கவும் முடியேல்லை.

மொரிஷிட்டா அம்மா என்ர முகத்தை வடிவா உத்துப் பார்த்தா. பிறகு பையைத் திறந்து என்ர வருத்தப் பட்டியலை எடுத்து, பேனா மூடியைக் கழட்டி, பன்னிரண்டு எண்டு எழுதத் தொடங்கினா.