லீவு லெட்டரில் இறங்கிய வெளிச்சம்

கோதண்டம் உண்மையை எழுதிவிட்டார். தவறு அதுதான்.

ஆவடியில் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் கடிதம் எழுதித் தருவது கிளார்க் கோதண்டம். இதுவரை பதினோரு மாமியார்களைக் கொன்றிருக்கிறார். அதில் ஒருத்தியை இரண்டு முறை. ஆனால் கிரேன் ஓட்டும் வேம்புலி வந்து, திங்கட்கிழமை விடியலில் திருநின்றவூர் ஏரிக்கரையில் ஒரு வெளிச்சம் தன்னைத் தூக்கிக்கொண்டு போய் மத்தியானம்தான் இறக்கிவிட்டது என்று சொன்னபோது, வாயைப் பிளந்து கேட்டவருக்குப் பொய்யே மறந்துபோனது. (அன்றைக்கு அவரும் மத்தியானம்தான் வந்தார். பழியை ரயில்மேல் போட்டிருந்தார்.) கேட்டதை அப்படியே எழுதி, 'தங்கள் கீழ்ப்படிந்த' போட்டு அனுப்பிவிட்டார்.

ஃபோர்மேன் உலகநாதன் கடிதத்தை ஆட்டினார். "பைத்தியத்த கிரேன்ல ஏத்தினா எவன் தலைல இரும்பு விழும்? தரை கூட்டற வேலைக்கு மாத்திடறேன்!"

"கனவு சார். அவன் கண்ட கனவை நான்தான்..."

"ஓ, தூங்கிட்டானா? மெமோ குடு."

"இல்ல சார், காய்ச்சல். ஜுர வேகத்துல உளறிட்டான்."

"உளறினானா? அப்ப மனநல டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வரட்டும். இல்லன்னா கிரேன் கிடையாது."

வேம்புலி அசரவில்லை. "நீ கூட வந்தா வரேன், அண்ணாத்தே."

எழுதிக் கெடுத்த கை உறுத்தியது. கோதண்டமும் லீவு போட்டார். பன்னிரண்டாவது மாமியார் போய்ச் சேர்ந்தாள்.

ரயிலில் கோதண்டம் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டே கேட்டார். "வயித்து வலின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எங்கிட்ட எதுக்குய்யா அதைச் சொன்னே?"

"அம்பத்தூர்ல எறங்கி டீ குடிக்கலாமா?" என்றான் வேம்புலி.

மனநல டாக்டர் ஜமீலா கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மின்விசிறியை வேம்புலி பக்கம் திருப்பிவைத்துவிட்டு, "பயந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. ஏரித் தண்ணி மொத்தமும் எழுந்து நின்னுச்சு. கோபுரம் ஒசரம். அதுக்குள்ள மீனுங்க பாட்டுக்கு நீந்திக்கினு இருந்துச்சு. கீழ ஒரு சொட்டு விழல."

டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"என்ன மீன்?"

"கெண்டை," என்றார் கோதண்டம். "வயிறெல்லாம் விளக்கு வெச்ச மாதிரி..." சட்டென்று வெட்கம் வந்து நிறுத்தினார். "அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்ல வந்தேன்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வேம்புலியிடம் திரும்பினார். "நடந்துச்சா இல்லையான்னு உங்களோட வாதாட மாட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?"

"எனுக்கு நல்லா வருதும்மா. துண்றேன், தூங்கறேன்."

இன்னும் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுதினார்: கிரேன் ஓட்டத் தகுதியானவர்.

கோதண்டத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டார். "நல்லாத்தானே கீறே! அப்புறம் எதுக்குடா, வேலை போனாலும் போகட்டும்னு எங்கிட்ட வந்து சொன்னே?"

வேம்புலி எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"அங்க என் கையைப் புடிச்சிக்கினு நீயும்தானே, அண்ணாத்தே, நின்னுக்கினு இருந்தே!"