மிச்சம் நாளைக்கு

கொக்கிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. பார்வைக்குச் சாதுவான இனம். கடிக்காது, முட்டாது, யாரையும் ஏசாது. ஒரே ஒரு வேலைதான் செய்யும். கதையை நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து, உங்கள் நெஞ்சில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டு, கயிற்றின் மறுநுனியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலியாண வீட்டில் உங்கள் காதருகே குனிந்து, "ஒங்கட மச்சானப் பத்தி ஒரு கத கேள்விப்பட்டன்... சரி வேணாம், பொறகு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுச் நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் சாப்பாட்டுச் சகனில் போய்க் குந்திக்கொள்கிறாரே, அவர். டொக்டரிடம் போய் வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டால், "முதல்ல ஒரு பிளேன்ரீ தாங்க" என்கிறாரே, அவரும்தான். ஆனால் இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். தேர்ந்த கொக்கிக்காரரைப் பார்க்க விரும்பினால், வெள்ளவத்தையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மக்கீன் ஓட்டும் வேனுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

மக்கீனுக்கு ஐம்பது வயது. ஐந்து வேளையும் தொழுகிறவர். வேனில் யாராவது பிள்ளை பென்சிலை விட்டுப் போனால், மறுநாள் காலை அதைக் கூர் சீவிக் கொடுக்கிறவர். ஒன்பது பிள்ளைகளை வெள்ளவத்தையில் ஏற்றி, ஒருத்தியைத் தெமட்டகொடையிலும், மூவரைப் புதுக்கடையிலும், மற்றவர்களைக் கொட்டாஞ்சேனையிலும் இறக்குவார். ஒன்பது பிள்ளைகள், ஒரு வேன், பகல் வெயில், காலி வீதி நெரிசல். ஏசினால் பிள்ளைகளின் மனம் கெடும், இனிப்புக் கொடுத்தால் பல் கெடும். மிச்சமிருந்தது பயம் ஒன்றுதான். அதையும் அளவாகக் கொடுக்க வேண்டும். ஆகவே மர்மக் கதை சொல்லத் தொடங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குத் தொழில் தெரியும். பிள்ளைகளின் கதையில் கொலை கூடாது, இரத்தம் கூடாது, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டுமல்லவா? அதனால் சின்னப் பொருளாகத்தான் காணாமல் போக வேண்டும். ஆனால் அது போன விதம் விசித்திரமாக இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். கதவின் கைபிடி மெதுவாக, மெதுவாகத் திரும்புவதை மட்டும் பம்பலப்பிட்டியிலிருந்து பொரளைச் சந்தி வரைக்கும் சொல்லுவார். குரலைத் தாழ்த்துவார். பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொண்டு முன்னால் சாய்வார்கள். பிறகு யாராவது ஓர் அப்பாவியைக் கொண்டுவந்து, அந்த மனிதரை ஒரு தரம் இருமச் செய்வார். அவ்வளவுதான், ஒன்பது பிள்ளைகளும் அவரைச் சந்தேகிப்பார்கள். அதற்குள் ஒரு வீட்டு வாசல் வந்துவிடும். பிரேக் விழும்.

"பொறகு, அங்கிள்?"

"மிச்சம் நாளைக்கு. இன்ஷா அல்லாஹ்."

இந்த முறை அவர் எடுத்த கதை இடது கால் செருப்புக் கதை. ஒரு பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைதோறும் செருப்புகள் காணாமல் போகின்றன. இடது கால் செருப்புகள் மட்டும். வலது கால் செருப்புகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கள்ளன் யார்? ஏன் இடது கால் மட்டும்?

மூன்று வாரம் ஓடிவிட்டது. கதையைப் பற்றி ஒரே ஒரு சின்னக் குறைதான் சொல்லலாம். கள்ளன் யாரென்று மக்கீனுக்கும் தெரியாது.

மனைவி நஸீறாவுக்கு இது தெரியும். "முடிவு தெரியாம அல்லாஹ்ட பேரப் போட்டு நாளைக்கு நாளைக்குண்டு சொல்றீங்களே, இது சரியா?" என்று கேட்டாள்.

"அதுக்காகத்தானே அவன்ட பேரப் போடுறன்? எனக்குத் தெரியாட்டியும் அவனுக்குத் தெரியும்தானே" என்றார் மக்கீன்.

நஸீறா மாவைக் கொஞ்சம் பலமாகக் குழைத்தாள்.

இப்படியே போயிருந்தால் இந்த வருடம் முடியும் மட்டும் கதை ஓடியிருக்கும். ஆனால் யதுஷா இருந்தாள். தெமட்டகொடை நமசிவாயத்தின் மகள், ஒன்பது வயது. வேனில் முதலில் இறங்குகிறவள் அவள்தான். அதனால் ஒவ்வொரு நாளும் கதையின் பின்பாதி அவளுக்குக் கிடைப்பதில்லை. அதை மறுநாள் காலை கொட்டாஞ்சேனை அகீலிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அகீலோ எல்லாக் கதையிலும் ஒரு முதலையைச் சேர்த்துவிடுவான். யதுஷா ஒரு கொப்பி வாங்கி, கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதினாள். முதலைகளை வெட்டிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் சொன்னாள்: "அங்கிள், நாங்க வெள்ளவத்தைக்கு வீடு மாறுறம். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலதான் வீடு. இனி வேன் தேவையில்லையெண்டு அப்பா சொன்னவர். வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கடைசி. அதுக்குள்ள முடிவு வேணும்."

"தாறன் புள்ள" என்றார் மக்கீன்.

"நான் இறங்க முதல்?"

"நீ எறங்க முந்தி. இன்ஷா அல்லாஹ்."

ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கு. நல்ல மனிதருக்கு அது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. வேனைக் கழுவும்போது யோசித்தார். டீசல் அடிக்க வரிசையில் நிற்கும்போது யோசித்தார். நாயைக் கள்ளனாக்கினால் நாய்க்கு இடது வலது எப்படித் தெரியும்? ஒற்றைக் காலுள்ளவரைக் கள்ளனாக்கினால் பாவமல்லவா? பள்ளிவாசலில் தொழும்போதுகூட அவருக்குக் கவனம் செருப்பு வைக்கும் தட்டுப் பக்கம் இழுத்தது. அஸ்தஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேன் புறப்பட்டது. யதுஷா முன் இருக்கையில் ஏறி, மடியில் கொப்பியை விரித்தாள்.

"அங்கிள், முதல் நாள், கால் கழுவுற இடத்தில ஒரு திறப்புக் கிடந்ததெண்டு சொன்னனீங்கள். எந்தக் கதவின்ர திறப்பு?"

"அது... வரும்."

"மூண்டாம் நாள் ஒரு கிழவர் இருமினவர். ஏன் இருமினவர்?"

"அவருக்குத் தடிமன் புள்ள."

"தடிமனெண்டா அதை ஏன் மெதுவாச் சொன்னனீங்கள்?"

உலகத்தில் மர்மக் கதை சொல்லும் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. மக்கீன் ஹோர்ன் அடித்தார். முன்னால் யாரும் இல்லை.

"பதினாலு கேள்வி எழுதினனான். ஒண்டுக்கும் நீங்கள் மறுமொழி சொல்லேல்ல" என்றாள் யதுஷா.

பொரளைச் சந்தியில் வேன் நெரிசலில் நின்றது. தெமட்டகொடை கிட்ட வந்துவிட்டது. மக்கீன் பிஸ்மி சொல்லி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, தன் வாழ்நாளில் எந்தக் கொக்கிக்காரரும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

"புள்ளகளே, உண்மையச் சொல்றன். கள்ளன் யாரெண்டு எனக்குத் தெரியாது. முடிவு என்னட்ட இல்ல."

வெளியே பொலிஸ்காரர் "யன்ன, யன்ன!" என்று கத்தி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பொய்!" என்றான் அகீல். "அங்கிளுக்குத் தெரியும்! சொல்லாம ஒளிக்கிறார்!"

"ஓம், ஒளிக்கிறார்!" என்றாள் பின்னாலிருந்த சின்ன ரதி.

மூன்று வாரமாக எதையும் முழுதாகச் சொல்லாதவர் முழு உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? யதுஷா கொப்பியின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"எந்தச் செருப்பு போனது, எத்தினை மணிக்குப் போனது, எல்லாம் அங்கிளுக்குத் தெரியும். பொலிசுக்கே தெரியாததெல்லாம் தெரியும். களவு நடக்கேக்க அங்க நிண்ட ஆளுக்குத்தானே இதெல்லாம் தெரியும்?"

மற்ற எட்டுப் பிள்ளைகளும் முன்னால் சாய்ந்தார்கள்.

"அங்கிள், உங்கட செருப்பு எங்க?"

மக்கீன் வெறுங்காலோடுதான் வேன் ஓட்டுவார். அதற்குள் தெமட்டகொடை வீட்டு வாசலும் வந்துவிட்டது. வேனை நிறுத்தி, "சீட்டுக்குக் கீழ ஈக்கி, பாரு" என்று கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

இடது கால் செருப்பு.

"மற்றது?"

துழாவினார். குனிந்து துழாவினார். வேன் ஆட்டத்தில் மற்றது எங்கோ பின்னால் வழுக்கிப் போயிருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கேற்றடியில் நின்ற யதுஷாவின் அம்மா கனகேஸ்வரி ஓடிவந்து பார்த்தாள். இடது கால் செருப்பு ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மக்கீன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் யதுஷாவின் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரக் கதையில் முதல் தடவையாக ஒரு முடிவு கிடைத்த முகம் அது. இல்லை என்றால் அந்த முடிவும் போய்விடும். கொடுப்பதற்கு வேறு முடிவும் இல்லை. நன்றியாக அல்ஹம்துலில்லாஹ் சொல்வதா, அஸ்தஃபிருல்லாஹ் சொல்வதா என்று தெரியாமல், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

யதுஷா கொப்பியில் 'முடிந்தது' என்று எழுதி, அடிமட்டம் வைத்து அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"நல்ல கதை அங்கிள். பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அவள் சொல்லவில்லைதான். மற்ற எட்டுப் பேரும் அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. வலது கால் செருப்பு அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் கிடைத்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அடுத்த ஜும்ஆவுக்குக் கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசலில் அகீலின் வாப்பா பௌஸி, மக்கீனைப் பார்த்து அன்பாகச் சலாம் சொன்னார். சொல்லிவிட்டு, தன் இடது கால் செருப்பை மட்டும் ஒரு பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொக்கிக்காரர்களுக்கு நேர்வது இதுதான். நீங்கள் முடிக்காமல் விட்ட கதையை மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். அதில் பெரும்பாலும் கள்ளன் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

'நமக்கென்ன, நாம் வேன் ஓட்டுகிறோமா' என்று சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தொலைபேசியை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். காலையில் தங்கச்சிக்கு, "ஒரு முக்கியமான விசயம், நேர்ல சொல்றன்" என்று அனுப்பினீர்களே? அவள் ஏழு தடவை அழைத்திருக்கிறாள்.