அங்கிக்குக் கிடைத்த வெற்றி

குபுகுபு, குபுகுபு. புதிதாகக் கேட்பவர்கள் யாரோ எருமையைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். குளிர்காலத்தில் ருமேனியாவில் எங்கள் பிரெயிலா நகரத்துப் பால்கனிகள் எல்லாம் இப்படித்தான் பேசும். முட்டைக்கோஸ் புளிக்கிற பீப்பாய்க்குள் அடிவரை ரப்பர் குழாயை விட்டு வாயால் ஊத வேண்டும். ஊதாவிட்டால் உப்புநீர் கொழகொழத்துவிடும். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டும் இலைச்சுருள் கிடையாது. எங்கள் வீட்டில் ஊதுகிற வாய் என்னுடையது.

நான் டிராம் பணிமனையில் இரவுக் காவலன். வாரநாள் பகல்களில் மாடிவீட்டுக்காரன் சுவரில் துளை போடுவான். ஞாயிறு மதியம்தான் நிம்மதியான தூக்கம். அதையும் பீப்பாய் குடித்துவிடும்.

பொறுத்தது போதும் என்று மனைவி வெதூரியாவிடம் பந்தயம் கட்டினேன். ஞாயிறன்று, பலகையில் எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆட்டம் ஆடுவோம். தோற்றவர் குளிர்காலம் முடியும்வரை ஊத வேண்டும். உடனே சரி என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காவல் அறையில் அகராதியைத் தின்று தீர்த்து, ஒரு சொல்லைப் பிடித்தேன். ஸபுன். பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கி. துருக்கியிலிருந்து வந்த சொல். இன்று உடுத்துவாரும் இல்லை, உச்சரிப்பாரும் இல்லை. என்னைப் போலவே ஒரு மூலையில் விழித்துக் கிடந்தது. ஆனால் அதில் இரண்டு எழுத்துக்குக் கொழுத்த மதிப்பெண். பலகையில் வைத்தால் ஆட்டம் முடிந்தது.

வைத்தேன். நடுவராக வந்திருந்த எதிர்வீட்டு எஃப்ரோசினா அத்தை கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். முன்பு ஓர் ஆட்டத்தில், உலகத்திலேயே இல்லாத மீனுக்கெல்லாம் நான் பெயர் வைத்ததால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: சந்தேகம் வந்தால் பொருளைக் கண்ணில் காட்ட வேண்டும். அகராதியைத் திறந்து நீட்டினேன்.

"அதுவும் உன்னை மாதிரி ஒரு ஆம்பளை எழுதுனதுதானே? துணியைக் காட்டு" என்றாள் அத்தை.

நான் செத்தேன். அப்போது வெதூரியாவே எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து தன் அப்பாவின் பழைய அங்கியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். அத்தை பஞ்சைக் கிள்ளிப் பார்த்துத் தலையசைத்தாள். ஜெயித்தேன். எதிரியைக் காப்பாற்றிய மகராசி என்று மனம் உருகியது.

அவள் மறுபேச்சில்லாமல் மெல்லிய சட்டையோடு குழாயை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

"நீ போய்த் தூங்கு ராசா. கை அளவு சரியா இருக்கா? சுருக்கித் தச்சேன்."

"எப்போ தச்ச?"

"ஒரு வாரமா தூக்கத்துல ஸபுன் ஸபுன்னு அனத்துனியே. எங்கப்பா இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஊதுவாரு. அம்மாவை ஒருநாளும் ஊத விட்டதில்ல."

அத்தை என்னைப் பார்த்தாள். அங்கியும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

குழாயை வாங்கிக்கொண்டேன். குபுகுபு.