ஒற்றைப் பெயருக்கு இருநூறு முட்டை

"குடும்பப் பெயரை நிரப்பவும்" என்று ஐந்தாவது முறையாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது கைப்பேசி.

"இல்லாதத எங்கேருந்து நிரப்புறது?" என்று அதனிடமே கேட்டார் வாகிமின்.

பிறந்தது முதல் அவர் வெறும் வாகிமின்தான். அடையாள அட்டையிலும் அவ்வளவுதான். இந்தோனேசியாவின் பிரெபெஸ் ஊரில் அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர். அதை வைத்துத்தான் ஆறு வருடமாக இணையச் சந்தையில் உப்பு முட்டை விற்கிறார். நேற்று யாரோ அந்தச் சந்தையை மேம்படுத்திவிட்டார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. பொத்தான்களெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. உள்ளே போக இரண்டு பெயர் வேண்டுமாம்.

"ஒரு புள்ளி வெச்சுப் பாருங்க, பாக்" என்றாள் மனைவி துமினி. அங்கே ஆண்களை மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். செங்கல் தூளையும் உப்பையும் குழைத்து வாத்து முட்டைமேல் அப்பிக்கொண்டிருந்தாள்.

வைத்தார். புள்ளி பெயராகாது என்றது.

"அப்ப உங்க பேரையே ரெண்டு தடவ போடுங்க. நான் கூப்பிட்டாலும் ரெண்டாவது தடவதானே திரும்புறீங்க."

வாகிமின் வாகிமின் என்று போட்டார். முகவரி கேட்டது, கொடுத்தார். 'வருக' என்று கதவு திறந்தது. அவருடைய முட்டைகளின் படம் பளிச்சென்று வந்தது. ஊறி முடிந்து தயாராக இருந்தவை இருநூறு. வழக்கம்போல் கூட்டல் குறியை அழுத்தி அந்த இருப்பை ஏற்றி, ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கினார். பிறகு ஆர்டர்களைத் தேடினால், 'உங்களுக்குக் கடை எதுவும் இல்லை' என்றது.

"ஆறு வருஷக் கடைய ஒரே நாள்ல முழுங்கிட்டானுங்க!"

அவர் கத்தி முடிப்பதற்குள் குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் கடைக்கு ஆர்டர்: 200 உப்பு முட்டை. ஒப்படைக்கும்போது பணம். நாளை மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் கடை மூடப்படும்.'

"கடையே இல்லைங்கிறான், அப்புறம் அதையே மூடுவேங்கிறான்!"

வாங்குபவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள். அதுவும் புது ஏற்பாடு. பெயரும் முகவரியும் கூரியர்காரரின் கருவிக்கு மட்டும்தான் தெரியுமாம்.

வாகிமினுக்குச் சந்தேகம் வந்தது. "நம்மகிட்ட சரியா இருநூறு இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

எதிர்வீட்டு கஸ்னோவும் முட்டை வியாபாரிதான்.

"அவன்தான். எட்டிப் பாத்து எண்ணியிருக்கான். நான் உள்ள போக முடியலன்னு தெரிஞ்சு, கடைய மூட வெக்கப் பாக்குறான்."

"அவருக்குக் கண்ணே சரியாத் தெரியாது. போன வாரம் நம்ம வாத்தத் தன்னோடதுன்னு ஓட்டிட்டுப் போனாரு."

"அது கண்ணு தெரியாமன்னா நெனச்ச?"

அடுத்து, பழைய கணக்கில் அப்பா பெயரைச் சேர்த்து வாகிமின் கர்த்தோ என்று போட்டார். அட்டையைக் காட்டச் சொன்னது. அட்டையில் கர்த்தோ இல்லை. 'வேறொருவர் கடையில் நுழைய முயல்கிறீர்கள்' என்று பூட்டிக்கொண்டது.

உதவி எண்ணை அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்களுக்கு ஒரே பேருதான்னு ஊர்த்தலைவர்கிட்ட கடிதம் வாங்கி அனுப்புங்க, பாக்."

"உன் பேரு என்னம்மா?"

"சுலாஸ்த்ரி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், பாக்."

"பின்ன நீ எப்படி உள்ள போற?"

"நானும் கடிதம் வாங்கித்தான்."

ஊர் அலுவலகத்தில் கடிதத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. வாகிமின் எழுத்தரை முறைத்தார்.

"ஒரு கோடு போட்டுடுங்க, பாக். காகிதம் எதுத்துப் பேசாது" என்றார் எழுத்தர்.

மறுநாள் காலை கடிதம் போய்ச் சேர்ந்து, கடை திறந்தது. ஆர்டரை ஏற்றுக்கொண்டார். இருநூறு முட்டையையும் கழுவி, வேகவைத்து, உமி போட்டு அடுக்கினார்கள். வாசலுக்கு வந்த மூன்று வாடிக்கைக்காரர்களிடம் இல்லையென்று சொல்லி அனுப்பினார்கள். துமினிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மதியத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது கூரியர் வண்டியில் எண்டாங் வந்தாள். பெட்டியைக் கருவியால் ஸ்கேன் செய்தாள். 'அனுப்பப்பட்டது' என்று செய்தி வந்தது. கடை தப்பித்தது.

வாகிமின் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இப்பச் சொல்லும்மா, யாரு அந்த ஆளு? எதிர்வீடுதானே?"

எண்டாங் கருவியைப் பார்த்தாள். வாசலில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்தாள். மறுபடி கருவியைப் பார்த்தாள்.

"எடுக்க வேண்டியதும் இந்த வீடு, குடுக்க வேண்டியதும் இந்த வீடுன்னு போட்டிருக்கு, பாக். வாங்குறவரு பேரு வாகிமின் வாகிமின். பெட்டிய வண்டியில ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுமா, இல்ல இப்பவே காசக் குடுத்துடுறீங்களா?"