கப்டன் நலமாக இருக்கிறான்

கப்டன் செத்துப்போன அன்று காலையிலும் பஸ்தியானின் கைபேசியில் வழக்கமான கேள்வி வந்தது: "தம்பி, இன்றைய வீடியோ எங்கே?"

கப்டன் விறாந்தையில் சாக்கின் மேல் விறைத்துக் கிடந்தது. பஸ்தியான் பக்கத்தில் குந்தியிருந்து, அதன் காதை இழுத்தும் தட்டியும் பார்த்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

கப்டன் அவருடைய அக்கா கத்தரினாவின் நாய். அக்காவுக்குப் பிள்ளை டயனா ஒருத்திதான் என்று ஊர் சொல்லும். அக்காவைக் கேட்டால் இரண்டு என்பாள். நாய்க்குப் பின்னங்கால்களில் மூட்டுவாதம். அக்காவுக்கு இருதயத்தில் கோளாறு. ஒப்பரேசனுக்காக மகளிடம் இத்தாலிக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் வைத்து அவள் தம்பிக்குச் சொன்னது இதுதான்:

"நான் வாறவரைக்கும் இவன உயிரோட வச்சிரு. உன்னால செய்யக்கூடிய வேற வேல ஒண்டும் இல்ல."

பாலாவியில் மிருக வைத்தியம் பார்க்கும் டொக்டர் ஸஹ்றா பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள். காலையில் சுடுதண்ணீர்த் துணியால் மூட்டுக்கு ஒத்தடம். பிறகு நாய்க்கு லைஃப் ஜக்கெட் மாட்டி, கடலோரக் களப்பில் அதன் வயிறு நனையும் ஆழத்தில் மெல்ல நடத்த வேண்டும். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், காலுக்கு வலி தெரியாது. ஊரே கரையில் நின்று சிரித்தது. பஸ்தியானும் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினார். பிறகு, கரையில் நொண்டிய நாய் தண்ணீருக்குள் வாலை ஆட்டுவதைப் பார்ப்பதற்காகவே அவருக்குக் காலையில் விழிப்பு வரத் தொடங்கியது.

இப்போது அதுவும் போயிற்று. அறுபது வயதில், சிலாபம் ஆஸ்பத்திரியில் இருதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த நெஞ்சோடு, ஒரு நாய்க்காகத் தேம்பித் தேம்பி அழுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அழுதது போதும். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாத!" என்றார் பக்கத்து வீட்டு அன்ரனிப்பிள்ளை. "ஒப்பரேசன் முடிஞ்சு ஒரு கிழமை ஆகல்ல. நாய் செத்துட்டெண்டு கேட்டா அந்த மனிசிட இருதயம் அப்பிடியே நிண்டுரும். கொலைப்பாவம் உனக்கு."

"அப்ப எத அனுப்புறது?"

"போன கிழமை எடுத்தது இல்லையா? அத அனுப்பு."

இருவரும் நாயைத் தென்னைக்கு அடியில் புதைத்தார்கள். பழைய வீடியோ இத்தாலிக்குப் போனது. பதிலும் வந்தது: "நன்றி தம்பி."

பஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வாசித்தார். அக்காவா நன்றி சொல்கிறாள்? வெள்ளத்தில் அவளை முதுகில் சுமந்து கரை சேர்த்த நாளில், செருப்பொன்று தண்ணீரோடு போய்விட்டதென்று ஏசியவள் அவள்.

"ஒப்பரேசன்ல வேற இருதயம் வச்சிட்டாங்க போல," என்றார் அன்ரனிப்பிள்ளை.

தொண்டையில் குழாய் போட்டதால் அம்மாவால் கதைக்க முடியாது, எழுதத்தான் முடியும் என்று டயனா முன்பே அறிவித்திருந்தாள். அக்காவின் ஏச்சு இல்லாமல் பஸ்தியானுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது.

பழைய வீடியோக்களை வைத்துச் சில நாட்கள் ஓட்டினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"புத்தளத்தில் வெள்ளம் என்கிறார்கள், வீடியோவில் வெயில் எரிக்கிறதே?" என்று கேள்வி வந்தது.

"எங்கட பக்கம் மட்டும் வெயில்," என்று எழுதியபோது பஸ்தியானின் கால் முழங்கால் அளவு வெள்ளத்தில் இருந்தது.

இனிப் புது நாய் இல்லாமல் முடியாது. உடப்புக் கரையில் மீன் தலைக்குக் காத்துக் கிடந்த ஒன்றை அன்ரனிப்பிள்ளை பிடித்து வந்தார். அதே மண்ணிறம், அதே வெள்ளைப் பாதம். ஆனால் இளங்காளை. நிலத்தில் நாலு கால் பாவாமல் துள்ளியது.

"இத எப்பிடி நொண்ட வைக்கிறது?"

"நீ நொண்டிக் காட்டு. பாத்துப் பழகும்."

பஸ்தியான் முற்றத்தில் நாயின் முன்னால் நொண்டி நொண்டி நடந்தார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. காலில் துணி சுற்றினார், அதைத் தின்றுவிட்டது. தண்ணீருக்குள் நொண்டல் தெரியாது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. களப்பில் இறக்கினார். ஒரு நீர்க்காகத்தைக் கண்டதும் நாய் பாய்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பஸ்தியான் குப்புற விழுந்து இழுபட்டார். கரையில் நின்று படம் பிடித்த அன்ரனிப்பிள்ளை, அதை அழிப்பதற்குப் பதிலாக அனுப்பிவிட்டார்.

முடிந்தது கதை என்று பஸ்தியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அற்புதம்! கப்டன் ஓடுகிறான்! நன்றி தம்பி!" என்று வந்தது பதில். டயனா அந்த வீடியோவை ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டாள்.

அடுத்த கிழமை சிலாபத்திலிருந்து ஒரு வான் வந்தது. உள்ளே இடுப்பு விழுந்த அல்சேஷன். அதன் பிறகு லொறியில் அடிபட்டது, கிணற்றில் விழுந்தது, கிழடு தட்டியது என்று நாய்கள் வந்துகொண்டே இருந்தன. மறுக்க வழியில்லை. மறுத்தால் கப்டன் எப்படிச் சுகமானது என்ற கேள்வி எழும். செத்த நாயை மறைக்கப் போய், பஸ்தியான் விடிந்தால் மதியம் வரை ஊர் நாய்களோடு தண்ணீரில் நின்றார். அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது அவருக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கப்டனுக்கு மட்டும்தானே அந்தப் பயிற்சி கைகொடுக்கவில்லை.

செய்தி கேட்டு டொக்டர் ஸஹ்றாவே வந்துவிட்டாள். உடப்பு நாயின் பின்னங்காலை ஒருமுறை மடக்கி நீட்டினாள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"அங்கிள், கப்டன் எங்க?"

பஸ்தியான் தென்னையைக் காட்டினார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார்.

"எனக்குத் தொட்ட உடன விளங்கிட்டு," என்றாள் அவள். "குட்டியில இருந்து வளத்தவங்களுக்கு எப்பிடி விளங்காமப் போன?"

அதுதான் பஸ்தியானுக்கும் பயமாக இருந்தது. கப்டனின் தும்மலைக்கூட அடையாளம் காண்கிறவள் அக்கா. ஒப்பரேசன் அவள் கண்ணையும் கெடுத்துவிட்டதோ?

"அவங்க நேரில வந்தா மறைக்கேலாது. நீங்களே உண்மையச் சொல்லிருங்க, அங்கிள்."

அன்று மாலையே செய்தி வந்தது: "டயனாவும் மருமகனும் வருகிறார்கள். வீட்டைக் கூட்டி வை."

அக்கா இல்லாமல் அவர்கள் எதற்கு வருகிறார்கள்? அவளும் கூடவே வருவாள் என்று பஸ்தியான் அவளுடைய அறையைக் கழுவினார், கதிரைக்குப் புது மெத்தை போட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவரைப் போல, சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். "அக்கா, என்ன அடி. ஆனா உட்காந்துகொண்டு அடி."

வான் படலைக்குள் நுழைந்தது. டயனா இறங்கினாள். மெலிந்து போயிருந்தாள். உடப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

"கப்டன்!" என்று அவள் மண்ணில் மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "கப்டன், நீயாவது இருக்கிறியே!"

பஸ்தியானால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மருமகன் நிலுக்சன் பின்னால் நின்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். வானுக்குள் இருள். அக்கா இன்னும் இறங்கவில்லை. பஸ்தியான் குரலைத் தாழ்த்தினார்.

"டயனா, அது கப்டன் இல்ல. அவன் செத்து மாசக்கணக்காகுது. அக்காட இருதயம் தாங்காதெண்டுதான் ஏமாத்தினன். அவவ மெதுவா இறக்குங்க, நானே சொல்லுறன்."

டயனா நாயை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். நிலுக்சன் கடைசிப் பெட்டியைக் கீழே வைத்தான். வானின் கதவைச் சாத்தினான்.

"மாமி ஒப்பரேசன் மேசையில இருந்து எழும்பவே இல்ல, மாமா," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "உங்கட இருதயம் தாங்காதெண்டு, இவ்வளவு நாளும் 'நன்றி தம்பி' எண்டு எழுதினது நான்தான்."