கவர் தின்னும் கலசம்

எண்பத்தேழாம் வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அற்புதம் நடந்தது. கால்வாயை மூடிய கற்பலகைமேல் வெங்கிடாசல சுவாமிகள் என்பவர் கொட்டகை போட்டார். நடுவில் ஒரு செம்புக் கலசம். அதில் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, சாம்பிராணிப் புகை எழுப்பி, மந்திரம் சொல்லித் திறந்தால் கவர் இருக்காது. எத்தனை போட்டாலும் இருக்காது. அவ்வளவு பசியுள்ள தெய்வத்தை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

சாமியின் தத்துவம் எளிது. கவர் மக்காது, சாகாது. சாகாத பொருள் ஒரு வீட்டில் சேர்ந்தால், அந்த வீட்டில் வேறு யாராவது சாகவேண்டும். கேட்டவர்கள் நடுங்கினார்கள். கவரோடு தேங்காயும் அரிசியும் கொண்டுவந்து கொட்டினார்கள். வீட்டில் கவர் தீர்ந்தவர்கள் கடையில் கேட்டு வாங்கினார்கள். அரைக் கிலோ உப்புக்கு மூன்று கவர். தோஷம் கழிக்க முதலில் தோஷம் வேண்டுமே.

செல்லதுரைக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. துறைமுகத்து வில்லிங்டன் தீவில் சரக்குக் கிடங்குக் குமாஸ்தா. காலைப் படகு பிடிப்பதற்குள் சோறு வடித்து, மகள் கங்காவுக்குச் சடை பின்னிவிட வேண்டும். மனைவி பேச்சி போய் எட்டு மாதம். வீட்டில் குப்பை சேர்ந்தால் அள்ள இரண்டு கைதான். ஆகவே கவர் வாங்குவதை நிறுத்தியிருந்தான். மளிகைக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்குவாளி, மீனுக்குச் சேம்பிலை. சேட்டன் எந்தக் காலத்து ஆள் என்று மீன்காரி ஓமனா தினமும் கேட்பாள். அவன் அதற்குள் நடையைக் கட்டியிருப்பான். படகுக்கு நேரமாகியிருக்கும்.

ஒரு சாயங்காலம் கங்கா பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பதினாறு கவர், தெருவில் பொறுக்கியவை. மேலே கிடந்தது மட்டும் வீட்டுக் கவர். பேச்சி கழுவிக் காயப்போட்டு, கிழிந்த காதை நீல நூலால் தைத்து வைத்திருந்தது.

"இத நாந்தான் கடையில இருந்து கொண்டுவந்தேன்" என்றாள். "அதனாலதான் அம்மா செத்துச்சாப்பா?"

ஒன்பது வயது. இல்லை என்று செல்லதுரை சொன்னான். அவள் நம்பவில்லை. அப்பா ஓர் ஆள். கொட்டகையில் முந்நூறு பேர்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கொட்டகை வாசலில் நின்றான். அங்கே ஒரு பலகையில் அன்றன்றைய நல்ல நேரம் எழுதியிருக்கும். திங்கள் ஒன்பது. செவ்வாய் பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால். புதன் பத்தே முக்கால். அவன் சட்டைப்பையில் துறைமுகத்தின் வேலியேற்ற அட்டவணை, கடல் ஏறி வடியும் நேரக் கணக்கு, எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் தோணியில் சரக்கு ஏற்றுவார்கள். எடுத்துப் பார்த்தான். கடல் நீர் வடியும் நேரமும் சாமியின் நல்ல நேரமும் நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போயின. நவக்கிரகங்கள் துறைமுகத்தில் உத்தியோகம் பார்ப்பது அவனுக்குப் புதுச் செய்தி.

கூட்டத்தோடு வாதாடிப் பயனில்லை. பக்கத்து வீட்டு மாயம்மாளிடம் மட்டும் ஒன்று கேட்டான்: அமாவாசைப் பூசையைச் சாமி ஏன் சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்திருக்கிறார்? மாயம்மாள் ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்பவள், சாமியின் பரம பக்தை. நேரே போய்ச் சபையில் கேட்டாள்.

"அமாவாசைக்கு உச்சிப்பொழுத விட நல்ல நேரம் உண்டா சாமி? ஆறு மணிக்கு நான் ஆப்பம் சுடணும். தெய்வத்துக்கும் ஷிப்டா?"

கூட்டம் சிரித்தது. மறுத்தால் மகிமை குறையும். ஒப்புக்கொண்டால் அந்த நேரத்தில் கால்வாயில் தண்ணீர் ஏறும். சாமி மகிமையைத் தேர்ந்தெடுத்தார்.

அமாவாசை நண்பகல். கங்கா நீலநூல் கவரை முதலில் போட்டாள். புகை. மந்திரம். திறந்தார். கவர் இல்லை. சரண கோஷம் எழுந்தது. தெம்பு வந்த சாமி அடுத்தடுத்து இருநூறு கவர்களைத் திணித்தார். செல்லதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சாமி, பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவ திறந்து காட்டுங்க."

திறக்கத் தேவையிருக்கவில்லை. கலசம் தானே ஆடியது. பிறகு சாய்ந்தது. அது இருந்த இடத்தில், கற்பலகையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீரும் கவர்களும் பொங்கி வந்தன. வடியும்போது வைப்பின் தீவுப் பக்கம் கடலுக்குப் போனவை, ஏறும்போது வேறெங்கே போகும்?

தெய்வம் பிரசாதம் தருகிறது என்றார் சாமி. இரண்டு பேர் கையை நீட்டவும் செய்தார்கள். மாயம்மாள் நீட்டவில்லை. கலசத்தைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அடிப்பாகமே இல்லை. மறுபக்கம் சாமி தெரிந்தார், ஓடிக்கொண்டிருந்தார்.

கங்கா நீலநூல் கவரைப் பொறுக்கி எடுத்தாள். எதுவும் ஆகவில்லை அதற்கு.

"உங்கம்மாவுக்கு வந்தது மஞ்சக்காமால" என்றான் செல்லதுரை. "கெட்ட தண்ணியில வர்றது. கவர் கடையில இருந்து வந்தது. ரெண்டுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப நான் இல்லயா?"

"நீ இல்ல."

அவள் கவரை உதறி மடித்தாள். அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டாள். எட்டு மாதத்தில் முதல் முறை.

கால்வாய் அடைப்பை எடுக்க ஊருக்கு ஒரு வாரம் ஆனது. சாமி இப்போது ஆலுவாவில், ஆற்றங்கரையில் புதுக் கொட்டகை போட்டிருக்கிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம். ஆலுவாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கும்பிடும் முன் கலசத்தைத் தூக்கிப் பாருங்கள். சாமிக்குக் கோபம் வந்தால், அடியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.