நாலாவது சைபருக்கு ஒரு தப்பு

தண்ணீர்மலையான் துணை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
16.8.1987

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஊரார் புருஷன்மார்களுக்கெல்லாம் தொலைபேசிப் பாடம் நடத்தும் அன்புத் தம்பி தியாகராஜாவுக்கு,

அக்காள் புஷ்பராணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்பு ஒன்றுதான் மிச்சம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் நெய்விளக்கு போடுகிறேன். அந்த நெய்க்கு நீ செய்திருக்கும் கைம்மாறைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஜூன் மாதம் டெலிபோன் ஆபீஸிலிருந்து உன் அத்தானை உன்னிடம் இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனிதனாகப் போனார், ஒரு கட்டு நோட்ஸோடு திரும்பி வந்தார். வந்த அன்று நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "ராணி, அமிர்தம்லா!" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஓடிப்போய்ச் சாமிக்கு ஒரு கற்பூரம் கொளுத்தினேன். மறுநாள் அதே புளி, அதே கை, அதே ரசம். "என்ன இது, கழனித்தண்ணியா?" என்றார். அதற்கு மறுநாள் தோசை பஞ்சு. அதற்கும் மறுநாள் தோசை செருப்பு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "ஒனக்குப் புரியாது. ஒன் தம்பிகிட்ட படிச்சது" என்று சொல்லி, மளிகைக் கணக்கு எழுதுகிற என் நோட்டிலேயே படம் போட்டுக் காட்டினார்.

கம்பியில் 'ஒன்று' போக வேண்டுமானால் ஒரு துடிப்பு அனுப்ப வேண்டுமாம். 'சைபர்' என்றால் சும்மா இருக்க வேண்டுமாம். துடிப்பு ஒரு தடவை கோட்டுக்கு மேலே எழும்பினால் அடுத்த தடவை கீழே இறங்க வேண்டுமாம். எல்லாம் ஒரே பக்கமாகப் போனால் கம்பியில் மின்சாரம் தேங்கிவிடுமாம். மாறி மாறிப் போனால்தான் கூட்டிக் கழித்துக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாதாம். கூட்டிக் கழித்து ஒன்றும் மிஞ்சாமல் போவதற்கு என் நோட்டில் மாதக் கடைசி என்று பெயர். அதற்கு நான் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. "அது கம்பிக்கு. எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். "வீடும் ஒரு லைன்தான் ராணி. நெடுக புகழ்ந்துகிட்டே இருந்தா ஒனக்குள்ள தேங்கிடும்லா" என்றார். தம்பி, நீயே சொல். இத்தனை வருஷத்தில் எனக்குள் என்ன தேங்கியிருக்கிறது? திட்டுத்தான் தேங்கியிருக்கிறது. அதை வடிக்க ஏதாவது பாடம் வைத்திருக்கிறாயா?

சரி, வீட்டுக்குள்ளேயே போகட்டும் என்றிருந்தால், அதுவும் இல்லை. கீழ்வீட்டு நூர் பீவி, மகன் பரீட்சையில் பாஸான சந்தோஷத்தில், நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்று தனியாக நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். "மணக்குதும்மா" என்றார் இவர். அவள் முகம் மலர்ந்தது. "ஆனா போன தடவ மாதிரி இல்ல" என்றார். "ஏங்க்கா, ஒங்க வூட்டுக்காரருக்கு நாக்குல கரண்டு ஒழுகுதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நெய்ச்சோறும் போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் போன மாதம் தைப்பிங்கிலிருந்து சிவகுருநாதன் ஐயாவும் அவர் சம்சாரம் வள்ளிநாயகி அம்மாவும் என் மகள் அருந்ததியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், அவனும் வந்திருந்தான். அருந்ததி செபராங் ஜெயா ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். நான் முதல்நாளே இவரைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப்போய், "அவங்க முன்னால வாயத் தொறக்காதீங்க" என்று சந்நிதியில் வைத்துச் சத்தியம் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேனே" என்றார். ஒன்றுதானே என்று விட்டேன். ஒன்று வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும் என்பதை மறந்துபோனேன்.

"பொண்ணு நல்லா சமைப்பா" என்றார். வள்ளிநாயகி அம்மா சிரித்தார். அதோடு நிறுத்தக் கூடாதா? "ஆனா காலைல எழுப்ப முடியாது." நான் முறைத்தேன். "ரொம்ப அன்பான பொண்ணு." அப்பாடா என்றிருந்தது. "காசுதான் கையில தங்காது." வடைத்தட்டை நீட்டுகிற சாக்கில் அவர் காலை மிதித்தேன். "பேலன்ஸ்லா ராணி" என்று என் காதோடு சொன்னார். அந்த ரகசியம் கீழே நூர் பீவிக்கே கேட்டிருக்கும். பையன் மட்டும் குனிந்துகொண்டு சிரித்தான். கதவோரம் நின்ற அருந்ததியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், ஐயோ, இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று. வாசலில் அவர்கள் செருப்பு மாட்டும்போது, "நிதானமான பொண்ணு" என்று ஒன்று. லிப்டுக்குள் ஏறும்போது, "கொறட்ட விடுவா" என்று ஒன்று. கதவு மூடிக்கொண்டது. "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று உள்ளிருந்து குரல் மட்டும் கேட்டது.

பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை வீட்டார்தான் முதலில் பேச வேண்டும். பெண் வீட்டார் முந்திக்கொள்வது முறையில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். நாலு வாரம், ஒரு சத்தமும் இல்லை. டெலிபோன் அடித்தால் அருந்ததி குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வருகிறாள். ராங் நம்பர் என்றதும் உள்ளே போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்கிறாள், வெகுநேரம். நான் செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தேன். உன் அத்தான் உன் நோட்ஸைப் பிரித்தார்.

நேற்று சாயங்காலம், "ராணி, இது நாலாவது சைபர்" என்றார். சத்தமே இல்லாமல் நாலு சைபர் வரிசையாகப் போனால் மறுமுனைக்குக் காலக்கணக்கு தவறிவிடுமாம். லைன் உயிரோடு இருக்கிறதா, அறுந்துபோனதா என்றே தெரியாதாம். அதனால் நாலாவது சைபர் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்புத் துடிப்பை அனுப்ப வேண்டுமாம். தப்பு என்றால், பக்கம் மாறாமல், கடைசியாகப் போன பக்கமே மறுபடியும் போவது. அதைக் கண்டதும் மறுமுனை, 'இது செய்தி இல்லை, ஆள் இருக்கிறான் என்று காட்டுகிறது' என்று புரிந்துகொள்ளுமாம். எனக்கும் அது புத்தியுள்ள காரியமாகத்தான் பட்டது. அதோடு முறையை மீறுவது அவர். பாவம் என் கணக்கில் சேராது. "அப்ப கூப்புட்டு நல்லதா நாலு வார்த்த பேசுங்க" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனேன்.

தம்பி, லிப்ட் வாசலில் கடைசியாகப் போனது எது? குறட்டை. கீழ்ப்பக்கம். அப்படியானால் உன் பாடப்படி தப்பும் கீழ்ப்பக்கம்தானே போக வேண்டும்?

"வணக்கம்மா, கதிர்காமநாதன் பேசுறேன். பொண்ணுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

வைத்துவிட்டார்.

என் கையிலிருந்த தீப்பெட்டி எண்ணெயில் விழுந்தது. "என்னங்க செஞ்சீங்க!" என்றேன். "எச்.டி.பி. த்ரீ" என்று அந்தப் பாடத்தின் பேரைச் சொன்னார், ஏதோ கும்பாபிஷேகம் நடத்தி முடித்தவர் மாதிரி. அருந்ததி சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே தம்பி, இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறி முதலில் தைப்பிங்கில் இறங்கு. அவர்கள் காலில் விழு. தாய்மாமன் விழுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. குற்றம் பாடத்தில் இருக்கிறது, பெண்ணிடம் இல்லை என்று சொல். பிறகு இங்கே வந்து உன் நோட்ஸைத் தூக்கிக்கொண்டு போ. நம் குடும்பத்து ஆண்களுக்கு இனிப் பாடம் நடத்தமாட்டேன் என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்து கொடு.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். உனக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துக் கொடுக்கட்டும்.

கோபம் ஆறாத உன் அக்காள்,
புஷ்பராணி

பி.கு.: திங்கள் சாயங்காலம். ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை வள்ளிநாயகி அம்மாவே கூப்பிட்டார். "ஏம்மா, குடுக்க மனசில்லாமத்தான் கொறகொறயா சொல்லி எங்கள அனுப்பிட்டீங்கன்னு இருந்தோம். போன் அடிச்சு மறுபடியும் கொற சொல்லவும் எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, 'வேணாம்னு நெனைக்கிறவன் சொந்தக் காசுல எதுக்குப் போன் போட்டுக் கொற சொல்றான்? அந்தப் பக்கம் இன்னும் ஆள் இருக்கு'ன்னு. எங்க பையனும் கொறட்டதான். நாள் பாருங்க" என்றார். அதனால் நீ தைப்பிங்கில் இறங்க வேண்டாம், காலிலும் விழ வேண்டாம். தாய்மாமன் சீரோடு நேரே இங்கே வா. நோட்ஸ் இருக்கட்டும்.

இன்னொன்று. காலையில் இட்லி நன்றாக இருக்கிறது என்றார். வேலை விட்டு வந்து, ரசமும் நன்றாக இருக்கிறது என்றார். நோட்ஸை நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். இடையில் சைபரே இல்லாமல் ஒரே பக்கம் இரண்டு தடவை வந்தால் அது லைன் கோளாறு என்று போட்டிருக்கிறது. கோளாறாகவே இருக்கட்டும். பழுது பார்க்க யாரையும் அனுப்பிவிடாதே.